ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷனும் ஓஎஸ் மாத்தற தலைவலியும்

0-வால வகுத்தா புரோகிராம் கிராஷ் ஆகும்னு நிறைய பேர் நம்பிட்டிருக்காங்க. இன்டிஜர்னா (முழு எண்) சரி, அதுவும் எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி பிராசஸர்) தான், 64 பிட் ஆர்ம் பிராசஸர்ல சத்தமே இல்லாம 0ன்னு விடை வந்துடும். ஃப்ளோட் (தசம எண்) வேற ரகம். 1985ல வந்த ஐஇஇஇ 754ங்கற ஃப்ளோட் கணக்குக்கான ஸ்டாண்டர்ட் அஞ்சு எக்செப்ஷன் (விதிவிலக்கான நிலை) சொல்லுது: இன்வேலிட், டிவைட் பை ஜீரோ, ஓவர்ஃப்ளோ, அண்டர்ஃப்ளோ, இன்எக்ஸாக்ட். ஆனா டீஃபால்ட்டா எதுவும் ஓட்டத்தை நிறுத்தாது, இன்ஃபினிட்டியோ நேனோ (NaN, "எண்ணே இல்ல"ங்கற விடை) ரவுண்ட் பண்ண விடையோ குடுத்துட்டு ஒரு ஃபிளாக்கை (பிராசஸர்ல இருக்கற அடையாள பிட்) மட்டும் செட் பண்ணிட்டு போயிட்டே இருக்கும்.

நேன் எங்க பொறக்குதோ அங்கயே பிடிக்கலாம்னு சில பேர் ட்ராப்பை (எக்செப்ஷன் வந்த உடனே ஓட்டத்தை நிறுத்தற வசதி) ஆன் பண்ணிடுவாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. லினக்ஸ்ல ஃபீஎனேபிள்எக்செப்ட்னு ஒரே வரி, சிக்எஃப்பிஇ சிக்னல் (SIGFPE, கணக்குல தப்புன்னு ஓஎஸ் அனுப்பற செய்தி) வந்துடும், ஆனா அந்த ஃபங்ஷன் குனு சி லைப்ரரியோட எக்ஸ்டென்ஷன், சி ஸ்டாண்டர்ட்ல கிடையாது, மேக்ல கிடையாது, மசல்ங்கற இன்னொரு லினக்ஸ் சி லைப்ரரிலயும் கிடையாது. விண்டோஸ்ல அதுக்கு கன்ட்ரோல்எஃப்பி ஃபங்ஷன் இருக்கு, ஆனா பிட் அர்த்தம் தலைகீழ், லினக்ஸ்ல குடுக்கற பிட் "இதை ஆன் பண்ணு", விண்டோஸ்ல "இதை மூடி வை". அதை கவனிக்காம மாத்தி எழுதினா கேட்டது வராது, கேக்காதது எல்லாம் வந்து நிக்கும், இன்எக்ஸாக்ட் உட்பட (1-ஐ 3-ஆல வகுத்தாலே அது வந்துடும், அப்புறம் புரோகிராம் ரெண்டு வரி கூட ஓடாது). வர்றதும் சிக்னலா இல்லாம விண்டோஸோட சொந்த முறையான ஸ்ட்ரக்சர்ட் எக்செப்ஷனா வரும், அதனால ஹேண்ட்லரையும் (அதை வாங்கி கவனிக்கற கோடு) திரும்ப எழுதணும்.

லினக்ஸ் ஹேண்ட்லர்ல இன்னொரு கூத்து, சும்மா ரிட்டர்ன் பண்ணா தப்பு பண்ண அதே இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும், மறுபடி சிக்னல், முடிவே இல்ல. ஆப்பிள் சிலிக்கான்ல ட்ராப் வேலை செய்யுது, ஆனா சிக்எஃப்பிஇக்கு பதிலா சிக்இல் (SIGILL, செல்லாத இன்ஸ்ட்ரக்ஷன்ங்கற சிக்னல்) வருது! பல ஆர்ம் சிப்புல ட்ராப் வசதியே இல்ல, எனேபிள் பிட்டை 1ன்னு எழுதிட்டு திரும்ப படிச்சா 0ன்னு தான் இருக்கும், எரர் கூட வராது.

அதனால ட்ராப் எல்லாம் டீபக் பில்டோட நிக்கட்டும்ங்கறது என் கட்சி. நாலு ஓஎஸ்ல ஓட வேண்டிய கோடுக்கு சி99ல (சி மொழியோட 1999 ஸ்டாண்டர்ட்) இருக்கற ஃபிளாக் ஃபங்ஷன்களே போதும், கணக்குக்கு முன்னாடி ஃபீக்ளியர்எக்செப்ட், முடிஞ்சதும் ஃபீடெஸ்ட்எக்செப்ட். ஒரு தடவை ஏறின ஃபிளாக் நாம இறக்கற வரைக்கும் அப்படியே நிக்கும், அதனால பெரிய லூப் முழுக்க ஓடவிட்டு கடைசில ஒரே ஒரு தடவை பாத்தா போதும். ஃபாஸ்ட்மேத் ஆப்ஷன் (வேகத்துக்காக ஐஇஇஇ விதிகளை தளர்த்தறது) போட்டு கம்பைல் பண்ணா மட்டும் இது எதையும் நம்பாதீங்க, நேனே வராதுன்னு கம்பைலர் முடிவு பண்ணி இஸ்நேன் செக்கையே தூக்கிடலாம்.

அடுத்தவங்க எழுதின பிளக்இன்னை கூப்பிடறதா இருந்தா முன்னாடி ஃபீஹோல்ட்எக்செப்ட் போட்டு செட்டிங்கை சேவ் பண்ணி, வந்ததும் ஃபீசெட்என்வ்ல திரும்ப வச்சுடுங்க, ஏன்னா டெல்ஃபிங்கற மொழில எழுதின சில டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) லோட் ஆகும்போதே ட்ராப்பை ஆன் பண்ணிட்டு போயிடும், அப்புறம் உங்க கோடுல சம்பந்தமே இல்லாத வரில கிராஷ் ஆகும்.