கல்லும் கடலும்: ஓர் ஆகஸ்டு மாத இலங்கைப் பயணத்திட்டம்

இலங்கைக்குப் போவதென்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, எந்தக் கடற்கரை என்பதைத்தான். நான் கேட்டது, எந்த மாதம் என்பதை. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் தென்மேற்குக் கரையில் ஐந்து நாளுக்கு அறை எடுத்துத் தங்கி, சிவப்புக் கொடியையும் கொந்தளிக்கும் கடலையும் விடுதி மாடியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். விடுதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. நாட்காட்டியைப் பாராமல் பணம் கட்டியவன் நான்தான்.

இந்தத் தீவின் இரு கரைகளும் முறை வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பவை. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்குக் கரையின் காலி, ஹிக்கடுவை ஊர்ப் பக்கத்துக் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கையில், தீவின் மறுபுறத்தில் திருக்கோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் நிலைமை தலைகீழ். எங்கள் எல்லோருக்கும் ஒருசேர விடுப்பு கிடைப்பது ஆகஸ்டில்தான் என்பதால், கிழக்குக் கரை தானாகவே முடிவாயிற்று. அதில் ஓர் அனுகூலமும் உண்டு. சிகிரியா, பொலன்னறுவை என்ற பழமையான இடங்கள் இரண்டும் அங்கிருந்து காரில் சில மணி நேரத்தில் எட்டக்கூடியவை.

“முதலில் கடலுக்குப் போய்விடலாமேப்பா” என்றாள் மகள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் மணலில் புரண்டவர்களை நான்காம் நாள் சிகிரியாவின் ஏறத்தாழ 1,200 படிகளில் ஏற்றுவது எவராலும் ஆகாத காரியம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை கட்டிய அந்தப் பாறையில், வெயில் ஏறுவதற்குள் உச்சியை அடைந்துவிட வேண்டும். ஆகவே வாயில் திறக்கும் நேரத்திலேயே அங்கிருப்பதாகத் திட்டம். வழியில் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டதால் கண்ணாடிச் சுவர் என்றழைக்கப்படும் சுவரில், பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைக் கண்டு மயங்கிய பழங்காலப் பயணிகள் நூற்றாண்டுக்கணக்கில் பாட்டெழுதி வைத்திருக்கிறார்கள். அன்று அது இலக்கியம். இன்று அதே சுவரில் கீறினால் காவல் நிலையம்தான்.

பொலன்னறுவைக்கு ஒரு முழுநாள் ஒதுக்கியிருக்கிறேன். கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட 14 மீட்டர் நீளக் கிடந்த கோலப் புத்தரைத்தான் பெரும்பாலோர் தேடிச் செல்வர். என் மனம் நாடுவது, இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு கற்கோயிலை. சோழர்கள் இந்நகரைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட காலத்தில் எழுந்த அந்தக் கோயிலுக்கு, இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர். செங்கல் கட்டடங்கள் பல சிதைந்து நிற்கும் ஊரில் இது அடி முதல் முடி வரை கருங்கல்லாக நிற்கிறது. சுவரருகே குனிந்தால் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கத் தோன்றும். தடவக்கூடாது என்பதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். இதுபோன்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். விகாரைகளில் செருப்பைக் கழற்றியாக வேண்டும் என்பதால், சுடுமணலுக்கெனத் தடித்த காலுறைகள் பெட்டியில் ஏறிவிட்டன.

இன்னொரு பழந்தலைநகரான அனுராதபுரத்தை மனமில்லாமல்தான் விட்டேன். அந்த மாலைப்பொழுது மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போகிறது. வறட்சியில் குளத்து நீர் வற்ற, கரையில் முளைக்கும் புல்லைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் திரளும் மாதம் இதுதான்.

பிறகு திருக்கோணமலை. கடல் வேறு, பழமை வேறு என்று நாட்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கே வந்ததும் அந்தக் கணக்கு குழம்பிவிட்டது. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடலுக்கு மேல் நிமிர்ந்த பாறையில் இருந்தது. 1622இல் போர்த்துக்கீசர் அதை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். அந்தக் கோட்டையின் வாயில் நிலையில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டு வரிகளும் இன்றும் உள்ளன. எஞ்சியவை பாறைக்குக் கீழே கடலில் கிடப்பதை 1950களில் மூழ்கிப் பார்த்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் நீச்சலும் புறாத்தீவில் பவளப்பாறை பார்ப்பதும் காலை வேளைகளுக்கு. மாலையில் கோட்டைக்குள் மேயும் மான்களைக் கடந்து, பாறைமேல் மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலுக்கு.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. இலங்கையில் ஒவ்வொரு முழுநிலவு நாளும் போயா விடுமுறை. அன்று விகாரைகளில் கூட்டம் நெரியும், மது விற்பனை கிடையாது. எங்கள் முதல் திட்டப்படி அந்நாளில் தம்புள்ளைக் குகைக்கோயிலின் வரிசையில் நின்றிருப்போம். தேதிகளை இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளி, போயாவைத் திருக்கோணமலையில் கழிப்பதாக மாற்றிவிட்டேன். கிழக்குக் கரை என்பதால், பொழுது சாயும் நேரத்தில் நிலவு கடலிலிருந்தே எழும்.