மேலயும் இப்படியே கட்டுமா?

"மேலயும் இப்படியே கட்டுமா தம்பி?" என்று, என்னிடம் பழைய பேலரை, வைக்கோலையும் புல்லையும் அள்ளிக் கட்டாகக் கட்டும் இயந்திரத்தை, வாங்க வந்த கவுடர் கேட்டார். "கட்டுமுங்க" என்றேன். விலையெல்லாம் முன்னாடியே பேசியாகிவிட்டது. அன்றைக்கு வேறு பெரிதாகப் பேச்சில்லை. இரண்டு வருடமாகியும் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

கேட்டது கோபி பக்கம், அறுவடை முடிந்த வயலில், மதியம் ஒரு மணிக்கு. வைக்கோல் கையில் எடுத்தாலே நொறுங்கியது. பேலர் என் வயதைவிட மூத்தது. சதுரக் கட்டு, ஒரு கட்டுக்கு இரண்டு கயிறு. நாற்பது கட்டு போட்டுக் காட்டினேன், ஒரு முடிச்சுகூடத் தவறவில்லை. கவுடர் ஒரு கட்டைத் தூக்கிக் கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் பொய் சொன்னேனா? இடது பக்கத்து முடிச்சுப் பெட்டியில், முடிச்சுப் போடுகிற பில் ஹுக்கின் மேல் கயிறு ஓடி ஓடி ஒரு தடம் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் தட்டுப்படும். எமரித் தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தேன். அது ஏமாற்று இல்லை, பழைய பேலர் வைத்திருக்கிற யாரும் செய்கிற வேலைதான். அந்த மாடலுக்குப் புது ஹுக் நான் தேடிய இடத்தில் எங்கும் கிடைக்கவில்லை.

அந்த ஹுக்கை நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பறவை அலகு மாதிரி ஒரு சின்ன இரும்பு. ஒரு சுற்றுச் சுற்றும், வாயைத் திறந்து கயிற்றின் இரண்டு நுனியையும் கவ்வும், ஒரு கை வந்து கயிற்றை அதன் மேலிருந்து வழித்துத் தள்ளும், முடிச்சு விழுந்துவிடும். 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி என்பவர் கதிர்க்கட்டு கட்டும் இயந்திரத்துக்காகச் செய்தது. 1940-இல் நியூ ஹாலண்ட் விற்கத் தொடங்கிய, தானே அள்ளித் தானே கட்டும் பேலரிலும் கயிறு முடிவது இந்த வழியில்தான். அத்தனை நுணுக்கமான இடத்தில் ஒரு தடம் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வைக்கோல் லேசு. கயிற்றுக்கு இழுவை குறைவு. முடிச்சு வழுக்கி இறங்கிவிடும். ஈரப் புல் அப்படி இல்லை, புல்லை இடித்துத் தள்ளுகிற பிளஞ்சர் இடிக்க இடிக்க அறைக்குள் கல் மாதிரி இறுகும். கயிறு விறைக்கும், முடிச்சு அந்தத் தடத்தில் சிக்கி அறுந்துவிடும். கவுடருக்கு மேலே, நீலகிரி மலையில் நஞ்சநாடு பக்கம் நிலம், அதில் கிக்கியூ புல். வெட்டிப் போட்டால் இலை காயும், தடித்த தண்டு காயாது. சாயங்காலத்துக்கு முன்னாலேயே மஞ்சு இறங்கிவிடும். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் கட்டுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கோத்தகிரியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? அவர் "மேலயும்" என்று கேட்டதும் இதைத்தான்.

ஆனாலும், விலையைக் குறைத்துத்தான் கொடுத்தேன். புல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? "மேல ஓட்டும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்திக்குங்க" என்றும் சொன்னேன், கட்டை இறுக்குகிற ஸ்பிரிங்கை. எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹுக்கைக் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த டிசம்பரில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். உறைபனி புல்லைக் கருக்குவதற்குள் மாட்டுக்குச் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துக் கட்டுக்கு மூன்று நான்கு ஒற்றைக் கயிற்றில் நின்றன. கவுடர் ஒவ்வொன்றிலும் முழங்காலை ஊன்றி, விட்டுப்போன கயிற்றைக் கையால் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து டீ கொண்டுவரச் சொன்னார்.

"எங்க புல்லுதான் சரியில்ல போல தம்பி. அங்க நல்லாத்தானே கட்டுச்சு" என்றார்.

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பழைய சாமான், விலை குறைச்சல், ஸ்பிரிங் என்று வரிசையாக இருந்தது. தன் புல்லைக் குறை சொல்கிறவரிடம் அதில் எதைச் சொல்வது? "ஈரம்தானுங்க" என்று முனகினேன். அதுவும் உண்மைதான். பாதி உண்மை.

ஹுக்கைக் கழற்றி எடுத்துப்போய், மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத்தில் தடத்தின் மேல் வெல்டிங் ஏற்றிக் கடைந்து கொண்டுவந்து மாட்டினேன். அதற்குப் பிறகு பத்துக்கு ஒன்று தவறினாலே அதிகம். சர்வீஸ் என்று சொல்லிக் காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு மூட்டை கேரட்டை இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

லேத்துக்கு ஆன செலவு அப்படி ஒன்றும் பெரிதில்லை. விற்கும் முன்பே செய்திருக்கலாம் என்று தோன்றும். அப்போது கைக்காசு இல்லை என்றும் தோன்றும். இரண்டும் சரிதான், ஆனால் அவர் கேட்டது காசைப் பற்றி இல்லையே.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒருவர் இன்னொரு பேலரைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார். காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றார். பதினொன்றுக்கு மேல் வாங்க, காலையில் வைக்கோல் பனியில் நனைந்திருக்கும் என்றேன்.