ஔவைக்கு வாயசைவு: தகடூர் நாட்குறிப்பு

ஜூலை 21, திங்கள்

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சியைத் தொடங்கியாகிவிட்டது. தகடூர்க் கதையைத் தர்மபுரியிலேயே உட்கார்ந்து கார்ட்டூனாக்குகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆடிப்பெருக்குக்குள் முடித்துத் தர வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் புது லேப்டாப். சர்வீஸ்காரத் தம்பி பழையதிலிருந்து ருபார்ப்பை எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தார். குரல் ஃபைலைக் கொடுத்தால் எந்த நொடியில் வாய் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தரும் இலவச மென்பொருள் அது. ஓட விட்டதும் ஃபைலைக் காணோம் என்றது. குரல் ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது.

செய்தியைக் கடைசி வரை படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது தேடுவது குரலை இல்லை, தன்னுடைய ‘ரெஸ்’ ஃபோல்டரை. ஒலியை அடையாளம் காணும் மாதிரிகளும் ஆங்கில உச்சரிப்பு அகராதியும் அதற்குள்தான் இருக்கின்றன. நிரல் இருக்கும் இடத்திலேயே அந்த ஃபோல்டரும் இருக்க வேண்டும். தம்பி எடுத்து வந்தது நிரலை மட்டும். ஜிப்பை மறுபடி இறக்கி முழுசாகப் பிரித்து வைத்தேன், ஓடியது.

ஜூலை 22, செவ்வாய்

ஔவைக்குக் குரல் கொடுப்பவர் பென்னாகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். என்ன கம்பீரம்! வசனங்களை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். கம்ப்யூட்டரில் இறக்கிப் பெயர் மாற்றி வைத்தது பாலக்கோட்டுத் தம்பி. எனக்குப் படம் வரைந்து தருபவன்.

ஃபோல்டரில் ‘டயலாக்1.வேவ்’ என்று தெரிகிறது. ருபார்ப்பில் அதே பெயரைக் கொடுத்தால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. விண்டோஸ் எப்போதும் செய்யும் வேலை இது. தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் வால் எழுத்தை மறைத்துவிடும். ‘வியூ’ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னதும் உண்மைப் பெயர் வந்தது: ‘டயலாக்1.வேவ்.ஆக்’.

கடைசி வாலை வெட்டினேன். இப்போது வேறு பிழை: ஃபைல் கிடைத்தது, படிக்க முடியவில்லை. பிழை மாறினால் எனக்குச் சந்தோஷம்தான், ஒரு படி தாண்டிவிட்டோமே. சரி, பழையபடி ‘ஆக்’ என்றே கொடுத்தால்? ருபார்ப் வேவ், ஆக் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆக் என்பது வெறும் உறை. ருபார்ப்புக்கு அதற்குள் வோர்பிஸ் முறையில் சுருக்கிய ஒலி இருக்க வேண்டும், வாட்ஸ்அப் வைத்து அனுப்புவது ஓபஸ் முறையில் சுருக்கியது. ஒலி ஃபைல்களை வகை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக்கில் போட்டு நிஜமான வேவாக மாற்றிய பிறகுதான் ஒத்துக்கொண்டது.

இன்னொன்று: ருபார்ப் தானாகக் கையாளும் முறை ஆங்கிலப் பேச்சுக்கானது. தமிழுக்கு ‘ஃபொனெடிக்’ முறையைக் கேட்டு வாங்க வேண்டும். அது மொழியைப் பார்க்காது, ஒலியை மட்டும் பார்க்கும்.

ஜூலை 24, வியாழன்

இன்றைய நாள் முழுக்க ஒரே எழுத்துக்குப் போனது.

வசனங்கள் நிறைய இருப்பதால், பட்டியலிலிருந்து பெயரைப் படித்து ஒவ்வொரு ஃபைலாக ருபார்ப்புக்குக் கொடுக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அதியமானின் வசனங்கள் எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஔவையின் வசனங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பட்டியலில் ‘ஒளவை_02’. ஃபோல்டரில் ‘ஔவை_02’. திரையில் பார்த்தால் ஒரே பெயர். வாலைப் பார்த்தேன், இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், ஃபோல்டரின் பெயரையே மாற்றிப் பார்த்தேன். நடுவில் கரண்ட் வேறு போனது.

சாயங்காலம் பட்டியலில் பெயருக்கு நடுவே கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டியபோது, ஔ பாதியாக உடைந்து ‘ஒ’ மட்டும் நின்றது. அட! ஔ யூனிகோடில் ஒரே எழுத்து. பட்டியலில் இருந்ததோ ஒ, பக்கத்தில் ஒரு ள. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நம் கண் ஏமாறலாம், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றென்று எண்ணாது. பட்டியல் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கியது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, இணையத்தில் பாதிப் பேர் ஔவையாரை இப்படித்தான் எழுதுகிறார்கள். வேறு எந்தப் புலவரும் இந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டார்!

தேடி மாற்றினேன், எல்லாம் ஓடின. கையோடு எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன். தமிழில் பெயர் வைக்கத்தான் ஆசை. ஆடிப்பெருக்கு முடியட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

தம்பி வாய்ப் படங்களைக் காட்சியில் சேர்த்து அனுப்பினான். கார்ட்டூனை அசைத்துக் கோக்கும் மென்பொருளான ஓப்பன்டூன்ஸில் திறந்தால் ஔவைக்கு வாயே இல்லை. போன் போட்டேன்.

“எனக்கு நல்லாத்தான் வருதுங்க அக்கா.”

“படத்தையெல்லாம் எங்க வெச்சிருக்க?”

“பென்டிரைவ்லதான்.”

புராஜெக்டுக்கு வெளியே இருக்கும் படத்தைச் சேர்க்கும்போது, உள்ளே நகலெடுக்கவா, இருக்கும் இடத்திலிருந்தே காட்டவா என்று ஓப்பன்டூன்ஸ் கேட்கும். தம்பி ‘லோட்’ கொடுத்திருக்கிறான். அதனால் காட்சி அவனுடைய ஈ டிரைவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘இம்போர்ட்’ கொடுத்திருந்தால் படங்கள் புராஜெக்டுக்குள்ளேயே வந்திருக்கும். காட்சி ஃபைல் வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்தாலே எந்த வழியைத் தேடுகிறது என்று தெரிந்துவிடும். படங்களை வாங்கி உள்ளே வைத்து, வழியை அங்கேயே திருத்தினேன்.

வாய் வந்தது. ம, ப வரும் இடங்களில் உதடு சுத்தமாக மூடுகிறது. ‘வ’வுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும் படத்தைத் தம்பி வரையவே இல்லை. ஔவை பேசுகிற காட்சியில் வகரம் இல்லாமல் எப்படி? நாளைக்குள் வரைந்து தருகிறானாம். வீட்டில் தக்காளி பறிப்பு நடக்கிறது, பார்ப்போம்.

ஜூலை 30, புதன்

செவ்வாய் ராத்திரியே வகர வாய் வந்துவிட்டது. முழுக் காட்சியையும் ஓட்டிப் பார்த்ததில், போகப் போக வாய் முன்னால் ஓடிக் குரல் பின்தங்கியது. ருபார்ப் வாய்ப் பட்டியலை எழுதித் தரும் டாட் (dat) ஃபைல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கு. நம் காட்சி 25. எண்ணை மாற்றிக் கொடுத்து மறுபடி எடுத்ததும் சேர்ந்துகொண்டது. இதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, கண்தான் பார்க்க வேண்டும்.

டீச்சருக்கு அனுப்பினேன். “வாய் சரிம்மா, கிழவி கொஞ்சம் சிரிக்கட்டுமே” என்றார். நியாயம்தான்.

ஜூலை 31, வியாழன்

வேலை கொடுத்த அண்ணன் கூப்பிட்டார். ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலும் வேண்டுமாம். ஃபொனெடிக் முறை என்பதால் பெரிய சிரமமில்லை, குரல் மட்டும் வந்தால் போதும் என்றேன். குரல் அப்போதே வந்து இறங்கியது. ஃபைலின் பெயர் ‘நியூ ரெக்கார்டிங் ஃபைனல் ஃபைனல்’. வாலைப் பார்த்தேன், எம்4ஏ. எஃப்எஃப்எம்பெக்கைத் திறந்திருக்கிறேன்.