அவன் வாசித்துக்காட்டிய மாலை

புதிதாக ஒருவரோடு பழகத் தொடங்கியிருக்கும் தோழி நேற்றுக் கேட்டாள்: "கையில் காசு இல்லாமல் டேட்டிங் போனால் நினைவில் நிற்கிற மாதிரி என்ன இருக்கப்போகிறது?" எனக்கு, நான் காதலிப்பவனோடு கழித்த இரண்டு மாலைகள் ஞாபகம் வந்தன.

ஒன்று, என் பிறந்தநாள். இரண்டு மாதம் பணம் சேர்த்து, மொட்டைமாடி உணவகம் ஒன்றில் மேஜை பிடித்திருந்தான். மெழுகுவர்த்தி, வயலின் எல்லாம் இருந்தன. என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தே போய்விட்டது. பில் வந்ததும் அதை மேஜைக்குக் கீழே பிடித்து இரண்டு முறை கூட்டிப் பார்த்தானே, அது மட்டும் அப்படியே இருக்கிறது. திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் சக ஆய்வாளர்களோடு 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே மேலும் 30 விநாடி. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் நீரை மெல்ல ஒரு டிகிரி சூடாக்கினார்கள். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். ஒரு அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் மனதில் அதிகம் தங்குகின்றன என்றார் கானமன். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பில்தான் கண்முன் வந்தது.

இன்னொரு மாலைக்குத் திட்டமே கிடையாது. பேருந்து நிறுத்தத்து நெரிசலில் என் மூக்குக்கண்ணாடி விழுந்து மிதிபட்டுவிட்டது. எனக்கு மைனஸ் ஆறு பவர். எதிரில் வருபவர் முகம்கூடத் தெரியாது. அழுகை முட்டியது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே, கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினான். பேருந்து எண், கடைப் பலகை, சுவரொட்டி, பூனையைக் காணவில்லை என்றொரு அறிவிப்பு. அதை வாசிக்கும்போது குரல் தழுதழுத்தது. சின்ன வயதில் தொலைந்துபோன தன் நாயைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகச் சொன்னான். பேருந்து ஏறியிருக்க வேண்டிய நிறுத்தங்கள் மூன்றைத் தாண்டி நடந்திருக்கிறோம்.

பணமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பேருந்துக் காசை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் போய் அன்பு போதும் என்பது கொடுமை. கவலை உட்கார்ந்திருக்கும் மனம் எதிரில் இருப்பவரை எப்படிப் பார்க்கும்? "பில் வந்த பிறகும் அவரோடு சிரித்துப் பேச முடிகிற அளவுக்குச் செலவு பண்ணு," என்றேன் அவளிடம்.

இப்போது என்னிடம் நல்ல கண்ணாடி இருக்கிறது. ஆனாலும் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அவன் பலகைகளை வாசிக்க ஆரம்பித்துவிடுகிறான். நான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறேன்.