இனி யாரும் அணியாத எண்கள்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் சட்டை எண் ஒரு மாணவருக்குப் பெரும்பாலும் நான்கு பருவங்களுக்கே உரியது. அவர் பட்டம் பெற்றுச் சென்றதும், அல்லது அதற்கு முன்பே தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் அணியொன்று அழைத்துக்கொண்டதும், அந்த எண் அடுத்து வரும் மாணவரின் முதுகில் ஏறிவிடும். ஆகவே, ஓர் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கல்லூரி அறிவிப்பது அங்கே அரிதான செயல். யாருடைய எண்ணுக்கு அந்த மரியாதை கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது என்பதைக் கவனித்தால் அந்தக் கல்லூரி எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பது புலப்படும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக 1951 முதல் 1955 வரை 111 ஆட்டங்கள் ஆடிய ஜான் மயாசிச், கோல்களும் சக வீரர்களின் கோல்களுக்குச் செய்த உதவிகளுமாகச் சேர்த்து 298 புள்ளிகள் எடுத்தவர். 1960இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். அவருடைய 8ஆம் எண்ணுக்கு 1998இல்தான் ஓய்வு அளிக்கப்பட்டது.

இத்தாகா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகமும் அவசரப்படவில்லை. கோல்காவலர் கென் டிரைடன் 1966க்கும் 1969க்கும் இடையில் அங்கே 76 ஆட்டங்களில் வென்று, நான்கில் மட்டும் தோற்று, ஒன்றைச் சமன் செய்தார். 1967இல் தேசியப் பட்டமும் வந்தது. பின்னர் மாண்ட்ரியால் அணிக்காக, என்.எச்.எல். வெற்றியாளருக்குரிய ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்றபோது அவர் அணிந்தது 29. உலகம் அவரை அந்த எண்ணோடுதான் அறியும். கார்னெல் ஆடும் லைனா அரங்கின் பழைய ரசிகர்களுக்கோ அவர் 1ஆம் எண்காரர். அந்த 1ஆம் எண்ணையும், அங்கே ஆடிய இன்னொரு வீரர் ஜோ நியூவெண்டைக்கின் 25ஆம் எண்ணையும் கார்னெல் 2010 பிப்ரவரியில் ஒன்றாக ஓய்வுபெறச் செய்தது. டிரைடன் சென்ற மறு பருவத்தில் 29 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றிய அணியிலிருந்து யாருக்கும் அன்று அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பது எனக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. கூட்டாக அடைந்த பெருமைக்கு எந்த எண்ணைத்தான் எடுத்து வைப்பது?

இந்த வரிசையில் சேராதது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 24. மெய்ன் மாநிலத்தின் யார்மவுத் ஊரிலிருந்து வந்த டிராவிஸ் ராய் அந்த எண்ணுடன் முதல் ஆட்டத்தில் இறங்கியது 1995 அக்டோபர் 20 அன்று. எதிரணி வடக்கு டகோட்டா. அதே மாலையில்தான் முந்தைய பருவத்தின் தேசியப் பட்டத்துக்கான கொடி அரங்கின் மேலே ஏற்றப்பட்டிருந்தது. களத்தில் இறங்கிய 11 விநாடிகளில், எதிரணி வீரர் ஒருவரை மறிக்கப் பாய்ந்தவர் தலைமுன்னாக ஓரத் தடுப்பில் மோதினார். கழுத்து முள்ளெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. இருந்தும் 1999இல் பாஸ்டன் அவருடைய எண்ணுக்கு ஓய்வளித்தது.

இதை இரக்கத்தால் செய்த காரியமாக மட்டும் கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராய் அதற்குள் வகுப்பறைக்குத் திரும்பி வந்திருந்தார். எண் ஓய்வுபெற்றபோது அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர், 2000இல் பட்டமும் பெற்றார். தண்டுவடக் காயமுற்றோருக்கு உபகரணங்கள் வாங்கவும் ஆய்வுகளுக்கும் நிதி திரட்டும் அறக்கட்டளையைத் தம் பெயரில் நடத்தினார். கல்லூரி அணி என்பது முதலில் மாணவர்களின் அணி என்றால், படிக்கச் சேர்ந்து, படிப்பை முடித்த ஒருவரின் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் கருணையைவிட நியாயமே மிகுதி. மயாசிச்சின் 298 புள்ளிகள் 43 ஆண்டுகள் காத்திருந்தன. ராயின் 11 விநாடிகளுக்கு நான்கு ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. அணி பின்னாளில் அகானிஸ் அரங்குக்கு இடம் மாறியபோது 24ஆம் எண்ணும் உடன் சென்றது. ராய் 2020 அக்டோபர் 29 அன்று தமது 45ஆம் வயதில் காலமானார்.