அத்தை தலை எண்ணெயும் எங்கள் வீட்டு சோபாவும்

முதலில் உரிந்தது அத்தை தலை சாய்க்கும் இடம்தான்.

2019 தீபாவளிக்கு வாங்கிய சோபா. பெரிய கடை, மூன்று மாடி, ஏசி, உள்ளே போனதும் கையில் பாதாம் பால். காபிப்பொடி நிறத்தில் பளபளவென்று மூன்று பேர் உட்காருகிற மாதிரி ஒன்று, ஒற்றை இரண்டு. 38,000 ரூபாய். "லெதரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "லெதரைட் சார். லெதரை விட நல்லது. என்ன கொட்டினாலும் துடைச்சிரலாம்" என்றான் கடைப் பையன். துடைத்தோம். இரண்டு வருஷம் நன்றாகவே துடைத்தோம். 2021 கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அத்தை எழுந்து அடுப்படிக்கு வந்தபோது பார்க்கிறேன், பின்கழுத்தில் செதில் செதிலாக என்னமோ ஒட்டியிருக்கிறது. தோல் வியாதியோ என்று பயந்தே போனேன். வியாதி சோபாவுக்கு.

அப்புறம் அது நிற்கவில்லை. தலை சாய்க்கும் இடம், கைப்பிடி, பிறகு சின்னவன் படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிற மூலை. தினமும் காலையில் பெருக்கினால் முறத்தில் அரைக் கைப்பிடி சோபா வரும். ஆன்லைனில் எலாஸ்டிக் உறை வாங்கி மாட்டினேன். யாராவது உட்கார்ந்து எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து வந்தது.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஹாலுக்குள் முழங்கால். ஒற்றை சோபா ஒன்றை மட்டும் கட்டில் மேல் ஏற்ற முடிந்தது. மற்ற இரண்டும் மூன்று நாள் தண்ணீர் குடித்தன. தண்ணீர் வடிந்த பிறகு தூக்கினால் அடிப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. தெருவோடு தெருவாக எல்லார் வீட்டு மெத்தையும் சோபாவும் வாசலில் கிடந்தன. மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு ஆறு மாதம் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். பாய் எனக்குப் பிடித்திருந்தது. அத்தையின் முட்டுக்குப் பிடிக்கவில்லை.

தப்பிய அந்த ஒற்றையைத்தான் பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் இருக்கிற குஷன் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஆட்டோ சீட், வேன் சீட், பைக் சீட் தைக்கிறவர். சோபாவும் செய்வார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசாமல் சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைக் கிழித்தார். உள்ளே சாக்கு. சாக்குக்குப் பின்னால் அட்டை, நிஜமாகவே அட்டைப்பெட்டி அட்டை. சட்டம் முழுக்க பேக்கிங் பெட்டி மரம். பின் அடித்த இடமெல்லாம் துரு ஏறிச் சிவந்திருந்தது.

"பாத்தியளா தங்கச்சி? எல்லாரும் மேல என்ன துணி போடலாம்னு கேக்க வாறாவ. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

பிறகு உட்காரும் குஷனை உருவி எடுத்து, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தார். 700 கிராம். டேப்பை வைத்து அளந்தார்: 22 அங்குலம் நீளம், 22 அகலம், 5 கனம். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "பதினெட்டு டென்சிட்டிகூட தேறாது" என்றார். கடையில் 32 என்று சொல்லித்தான் விற்றார்கள். டென்சிட்டி என்பது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான். 32 என்றால் அந்த அளவு குஷன் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், 40 என்றால் 1,600 கிராம். இனி சோபா வாங்கப் போகிறவர்கள் கைத்தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவாவது. டென்சிட்டி கூடினால் கல் மாதிரி இருக்கும் என்பதும் தப்பு. மெத்தென்று இருக்கிற 40-ம் உண்டு, விறைப்பான 32-ம் உண்டு. டென்சிட்டி சொல்வது எத்தனை வருஷம் அமுங்கி எழும் என்பதைத்தான்.

சரி, மேல்துணி. ஏன் உரிந்தது என்று கேட்டேன். அண்ணாச்சி ஒரு ஆட்டோ சீட்டைத் தட்டிக் காட்டினார். "இது பிவிசி, பழைய ரெக்சின். ஒங்களுக்குப் போட்டது பியூ. ரெண்டும் தோலு இல்ல. துணி மேல தடவுன பிளாஸ்டிக்." பியூ, அதாவது பாலியூரித்தேன், கையில் மெத்தென்று, நிஜத் தோல் மாதிரியே இருக்கும். ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் அந்த பிளாஸ்டிக்கின் சங்கிலிக் கண்ணியை உள்ளுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கும். வெக்கை சேர்ந்தால் சீக்கிரம் அறும். உட்காராமல் சுருட்டி வைத்த துணிகூட கடையிலேயே உரியுமாம். கடல் காற்று வீசுகிற ஊரில், பூட்டிய ஹாலில், அது இரண்டு வருஷம் தாங்கியதே பெரிய காரியம். அதோடு வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அத்தை தலைமாட்டில் ஆரம்பித்ததன் காரணம் இதுதான். பிவிசி இப்படி உரியாது. ஆனால் அதை வளைய வைக்கிற எண்ணெய்ப்பசை வருஷக்கணக்கில் வெளியேறிவிட, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி விறைத்து வெடிக்கும். வெயிலில் நிற்கிற ஆட்டோ சீட்டில் பார்த்திருப்பீர்கள்.

புதிய சோபாவை அண்ணாச்சியிடமே செய்வதென்று முடிவாயிற்று. அதற்கு என் வீட்டுக்காரருக்கு அசல் தோல் மேல் ஒரு கண். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கிற மாநிலம், 1948-லிருந்து அடையாறில் தோலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நாம் வாங்காமல் யார் வாங்குவது என்று ஒரு வாரம் வசனம் பேசினார். தோல் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் உழைக்கும், பழசாகப் பழசாக அழகு கூடும். ஆனால் எங்கள் ஹாலில் ஏசி கிடையாது. கார்த்திகை மாதம் பீரோவில் வைத்த பெல்ட்டில் பூஞ்சை பூக்கிற வீடு. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேல்சட்டை இல்லாமல் உட்காருகிறவர் தோலில் முதுகு ஒட்டிக்கொண்டு "பர்ர்" என்று எழுவார். தோலை விற்பதோ சதுர அடிக் கணக்கில். விலையைக் கேட்ட அன்றோடு ஆம்பூர் பேச்சு நின்றது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'பாண்டட் லெதர்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் தூளையும் துணுக்கையும் பசை போட்டு ஒட்டி, மேலே அதே பியூவைப் பூசியது. எங்கள் சோபாவுக்குப் பெரியப்பா பிள்ளை.

ஆக, துணிதான். எந்தத் துணி?

அண்ணாச்சியிடம் ஏழெட்டு சாம்பிள் புத்தகம் இருந்தது. பின்பக்க லேபிளில் 'மார்ட்டின்டேல் 25,000', '40,000' என்று போட்டிருக்கும். கம்பளித் துணியை வைத்து மாறி மாறித் தேய்த்துக்கொண்டே போய், எத்தனையாவது தேய்ப்பில் நூல் அறுகிறது என்று பார்க்கிற எண் அது. வீட்டுக்கு 20,000-க்கு மேல் இருந்தால் போதும். இரண்டு பையன்கள் இருக்கிற வீட்டுக்கு 30,000-க்குக் கீழே வேண்டாம் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். ஆனால் தேய்மானத்தில் போகிற சோபாவை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் கறையில்தான் போகிறது. அதற்கு எந்த லேபிளிலும் எண் கிடையாது.

அதனால் ஆறு வகைத் துணியில் ஆளுக்கொரு துண்டு வெட்டி வாங்கிவந்து மொட்டை மாடியில் ஒரு பரீட்சை வைத்தேன். ஒவ்வொன்றிலும் நாலு பொட்டு: தேங்காய் எண்ணெய், மீன்குழம்பு, பெரியவனின் பால்பாயின்ட் பேனா, விபூதி. ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் வீட்டில் இருக்கிற சோப்புப் பொடியில் கசக்கினேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "ஏட்டி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க மாதிரில்லா துணி பாக்கா" என்று ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெல்வெட் முதலிலேயே போனது. விபூதியும் முறுக்குத் தூளும் அதன் முடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன, சித்திரை வெயிலுக்குத் தொட்டாலே புழுங்குகிறது. மென்தோல் மாதிரி இருக்கிற ஸ்வேட் துணி தொட நன்றாக இருந்தது, தண்ணீர் காய்ந்த இடத்தில் வட்டம் விழுந்தது. புசுபுசு நூலில் நெய்த செனீல் பார்க்க ராஜ களை. சின்னவன் நகத்தால் ஒரு இழை இழுத்தான், இரண்டு அங்குலம் வந்தது. சணல் கலந்தது முழங்காலைச் சிராய்த்தது. மிச்சம் இரண்டு. தடிமனான முழுப் பருத்தி, முழு பாலியஸ்டர்.

இதில்தான் நான் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. பாலியஸ்டர்தான் சுத்தமாக வெளுக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீரை அது உறிஞ்சாது, சரி. ஆனால் எண்ணெய் என்றால் விடாது. மீன்குழம்பு போய்விட்டது, தேங்காய் எண்ணெய் வட்டம் அப்படியே நின்றது. வெந்நீரில் இரண்டாம் தடவை ஊற வைத்த பிறகுதான் இறங்கியது. பருத்தியில் எண்ணெய் முதல் கசக்கலிலேயே போனது, மஞ்சள் நின்றது. மஞ்சளுக்கு மருந்து நமக்குத் தெரியாதா, ஈரத்தோடு வெயிலில் போட்டேன், மறுநாள் சாயங்காலம் காணோம். பேனா மை இரண்டிலும் நின்றது. அதற்கு மருந்து பெரியவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் முழுப் பருத்தி சுருங்கும், வெளிறும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். கடைசியில் பருத்தி பாதிக்கு மேலும் பாலியஸ்டர் மீதியுமாகக் கலந்து நெருக்கமாக நெய்த ஒன்றை எடுத்தேன். 54 அங்குல அகலம், மீட்டர் 420 ரூபாய். நிறம் சாம்பலும் பழுப்புமாக இழை கலந்தது. கருநீலத்தில் விபூதி தெரியும், வெளிர் நிறத்தில் எண்ணெய் தெரியும். இரண்டையும் சேர்த்து மறைப்பது இந்தப் பெயரில்லாத நிறம்தான். உட்கார்ந்தால் உடம்புக்குக் குளுமையாக இருக்கிறது.

எந்தத் துணி என்பதை விட, அதைக் கழற்ற முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி என்று இத்தனைக்கும் பிறகு எனக்குப் புரிந்தது. சட்டத்தோடு பின் அடித்துவிட்ட துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஒரு தடவைகூட சோப்பைப் பார்க்கப் போவதில்லை. தலையணை உறையை வாரா வாரம் துவைக்கிறோம், பத்து பேர் புழங்குகிற சோபாவை ஏழு வருஷம் துவைக்காமல் வைத்திருக்கிறோம். யோசித்தால் குமட்டுகிறது. அதனால் உட்காரும் குஷன், சாயும் குஷன் எல்லாவற்றுக்கும் ஜிப் வைத்த உறை. இரும்பு ஜிப் வேண்டாம், கடற்கரை ஊரில் ஆறு மாதத்தில் துரு ஏறிக் கறை விடும், பிளாஸ்டிக் ஜிப்தான் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். சட்டம் வேம்பு; பூச்சி சீக்கிரம் தொடாது. கால் எட்டு அங்குல உயரம். மாப்பு உள்ளே போக வேண்டும், அடுத்த மழைக்கு எட்டு அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும்.

தலை சாய்க்கும் இடத்துக்கு மட்டும் அதே துணியில் தனியாக ஆறு துண்டு தைத்து வாங்கினேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார துரைமார் தலையில் மகாசர் எண்ணெய் என்று ஒன்றைப் பூசிக்கொண்டு நாற்காலிகளைப் பாழாக்கினார்கள். துரைசாணிகள் அதைத் தடுக்க முதுகில் பின்னல் துணி போட்டார்கள். அந்தத் துணிக்குப் பெயரே 'ஆன்டிமகாசர்'. எங்கள் அம்மா குரோஷா ஊசியில் பின்னி நாற்காலி முதுகில் போட்டு வைத்திருந்த வெள்ளைப் பூத்துணி அதுதான் என்று தெரிந்தபோது சிரித்துவிட்டேன். சின்ன வயசில் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அத்தைக்கும் துரைக்கும் ஒரே வைத்தியம்.

தைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உறைகளை நாலு தடவை துவைத்தாயிற்று, தலைத்துண்டு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. உரியவில்லை, அமுங்கவில்லை. ஒரே ஒரு கோளாறு, அது என் மேல்தான். வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும் என்று அண்ணாச்சி படித்துப் படித்துச் சொன்னார். முதலில் வாங்கிய ஒன்பது மீட்டரை அப்படித்தான் கொடுத்தேன். துணி பற்றாமல் பிறகு வாங்கிய இரண்டு மீட்டரை, மழை இருட்டிக்கொண்டு வந்ததால், அப்படியே கொடுத்துவிட்டேன். நனைத்தது என்று நினைத்து அவரும் வெட்டிவிட்டார். முதல் சலவையிலேயே நடுக் குஷன் உறை மட்டும் சுருங்கி, ஜிப் கடைசி இரண்டு அங்குலம் மூட மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.