எழுத்தரின் கையை யார் கட்டிப்போட்டது?

பல்கலைக்கழகங்களில் புது நிர்வாக மென்பொருள் வரும்போதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு. விடுப்பு, கட்டணம், மதிப்பெண், கொள்முதல் எல்லாம் ஒரே லாகினில். சரி, நல்லதுதான், காணாமல் போன கோப்பைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எதை யார் முடிவு செய்யலாம், யார் யாரிடம் பேசலாம் என்பதும் கூடவே மாறிவிடுகிறது, பயிற்சி வகுப்பில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தேர்வுப் பிரிவு எழுத்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வந்து சேராததால் கட்டணம் கட்ட முடியாத மாணவர் ஒருவர் வந்து நிற்கிறார். முன்பென்றால் எழுத்தர் துறைக்கு ஒரு போன் போட்டு விசாரிப்பார், கோப்பின் ஓரத்தில் ‘தொகை வந்ததும் சரிபார்க்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், ஹால் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். இன்று திரையில் ‘நிலுவை’ என்று சிவப்பாக நிற்கிறது, அச்சிடும் பொத்தான் வேலை செய்யவில்லை. ஹெல்ப்டெஸ்க்கில் புகார் பதியுங்கள் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியாது. விதியும் தெரியும், விலக்கு எங்கே தரலாம் என்பதும் தெரியும், அப்படிப்பட்டவர் வெறுமனே தகவல் சொல்பவராகிவிட்டார். மாணவர் கோபப்படுவது மட்டும் இன்னும் அவரிடம்தான்.

அப்புறம் அந்த எக்செல் கோப்புகள். மென்பொருளில் வரும் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு பிரிவும் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத அன்று, நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் மேலதிகாரியையும் சேர்த்து எழுத ஆரம்பிக்கிறார்கள். ஆசிரியர்களோ துறை அலுவலகம் செய்துவந்த பதிவேற்ற வேலையெல்லாம் தங்கள் தலையில் விழுந்துவிட்டதாகப் புலம்புகிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2000-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருளை வைத்து காப்சா என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்து பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2001-இல் வந்த விசாரணை அறிக்கை நிர்வாகத்தின் மீதே கேள்வி எழுப்பியது: பயன்படுத்தப் போகிறவர்களைச் சரியாகக் கலந்து பேசவில்லை, பயிற்சியும் போதவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்த நிலைமை.

காரணத்தை எழுதிவிட்டு விலக்கு தரும் உரிமையை எழுத்தருக்குத் திரையிலேயே கொடுக்கலாம். யார், எப்போது, ஏன் தந்தார் என்பதும் பதிவாகிவிடும், பிறகு யாரும் தணிக்கை செய்துகொள்ளலாம். இதையெல்லாம் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, அந்த எழுத்தரையும் கூட்டத்தில் உட்கார வைத்துக் கேட்டாக வேண்டும். பிறகு கேட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருள் நிறுவனத்தார் தனியாகப் பணம் கேட்பார்கள், நிதிப் பிரிவும் கையை விரித்துவிடும்.